கப்பல் சாப்பாட்டைக் கரைக்குக் கொண்டுபோகலாமா? சிட்னியிலிருந்து நியூசிலாந்துக்குக் குரூஸ் போகிறவர்களுக்கு

காலை உணவு முடிந்து எழும்போது இரண்டு வாழைப்பழத்தையும் ஓர் அவித்த முட்டையையும் பேப்பர் நாப்கினில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொள்வது நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கைவந்த பழக்கம். புளியோதரை கட்டிக்கொண்டு ரயில் ஏறிய தலைமுறைக்கு, பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கே நிற்போம், என்ன கிடைக்கும் என்ற கவலை இருப்பது இயல்பு. ஆனால் சிட்னியில் கப்பல் ஏறி ஆக்லாந்து, டௌரங்கா, நேப்பியர், வெலிங்டன், டனீடன் என்று நியூசிலாந்தைச் சுற்றிவரும் பயணத்தில், அறிவிக்காமல் கரைக்குக் கொண்டுபோகும் அந்த ஒற்றை வாழைப்பழத்துக்கு 400 நியூசிலாந்து டாலர் அபராதம் விதிக்கப்படலாம். அதைத் தவிர்க்க என்ன செய்ய வேண்டும் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த விதி கப்பல்காரர் போட்டதன்று, கரை போட்டது. டிக்கெட்டிலேயே சாப்பாடும் அடக்கம், ஆகவே பழம் நம்முடையதுதானே என்று வாதிடுவதில் பயனில்லை. பழம் யாருடையது என்று அங்கே எவரும் கேட்பதில்லை. நியூசிலாந்தின் 1993-ஆம் ஆண்டு உயிரியல் பாதுகாப்புச் சட்டத்தின் பார்வையில் கப்பலிலிருந்து இறங்கும் உணவு வெளிநாட்டுச் சரக்கு. பஃபே மேசையில் அடுக்கியிருக்கும் ஆப்பிள் எந்த நாட்டுத் தோட்டத்தில் பறித்தது என்பது பரிமாறுகிறவருக்கே தெரியாது. முந்தின நாள் ஆக்லாந்தில் ஏற்றிய பழமாகவே இருந்தாலும், கப்பலின் கிடங்குக்குள் போய் மற்றவற்றோடு கலந்த பிறகு அதைப் பிரித்துக் காட்ட வழியில்லை.

ஒரு பழத்துக்காக இத்தனை கெடுபிடியா என்று கேட்பவர்களுக்கு ஆக்லாந்தின் கதையைச் சொல்லலாம். பழ ஈயின் பெண் பூச்சி தோலுக்கு அடியில் முட்டையிடுவதால், வெளியே பளபளவென்று இருக்கும் பழத்துக்குள் புழு இருப்பது கண்ணுக்குத் தெரியாது. 1996-இல் ஆக்லாந்தின் மவுன்ட் ராஸ்கில் பகுதியில் மத்தியதரைக்கடல் பழ ஈயும், 2015-இல் கிரே லின் பகுதியில் குயின்ஸ்லாந்து பழ ஈயும் தென்பட்டன. இரண்டாவது சம்பவத்தில், சுற்றுவட்டாரத்தில் குடியிருந்தவர்கள் தங்கள் வீட்டுத் தோட்டத்துப் பழத்தைக்கூட எல்லைக்கு வெளியே எடுத்துச் செல்லக் கூடாது என்று தடை விதிக்கப்பட்டது. பூச்சியை ஒழித்து முடிப்பதற்குள் ஒரு கோடி டாலருக்கும் மேல் செலவானது. இறைச்சி, பால் பொருள்களில் பயம் வேறு: கோமாரி. நியூசிலாந்தில் இதுவரை அந்த நோய் வந்ததே இல்லை. ஆஸ்திரேலியாவில் 1872-க்குப் பிறகு இல்லை. 2000-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் கோமாரி பரவியபோது, டர்பன் துறைமுகத்துக்கு வந்த கப்பலின் மிச்ச உணவைப் பன்றிகளுக்குப் போட்டதே அதற்கு மூலமாகக் கருதப்பட்டது. மாட்டையும் ஆட்டையும் நம்பி வாழும் ஒரு நாடு கப்பல் சாண்ட்விச்சைக் கண்டு அஞ்சுவதில் வியப்பில்லை.

கப்பல் நிறுவனத்துக்கும் தனியாக ஒரு கணக்கு உண்டு. சமைத்த உணவு 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் நான்கு மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் அதைக் குப்பையில் போட வேண்டும் என்பது ஆஸ்திரேலிய, நியூசிலாந்து உணவகங்களில் பின்பற்றப்படும் விதி. காலை எட்டு மணிக்குப் பையில் வைத்த முட்டை, சுற்றுலாப் பேருந்தின் வெக்கையில் ஒரு மணிக்கு எந்த நிலையில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இனி, எவற்றைத் தொடவே கூடாது என்று பார்ப்போம். முழுதாகவோ நறுக்கியோ இருக்கும் பழங்கள், காய்கள், இறைச்சியும் மீனும் வைத்த சாண்ட்விச், முட்டை, பாலாடைக்கட்டி, தயிர், காலை மேசையில் கிடைக்கும் சின்னத் தேன் டப்பா ஆகியவற்றைக் கப்பலிலேயே விட்டுவிட வேண்டும். தேனைப் பற்றிப் பலருக்கு நினைவு வருவதில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் அளவுக்குச் சிறியது, ஆனால் தேனீக்களின் நோயைக் கடத்தும் என்பதால் நியூசிலாந்து அதை மிகக் கடுமையாகவே பார்க்கிறது. நம்மவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவரும் கறிவேப்பிலைக் கொத்து, விதைகள், பால்கோவா முதலியவற்றையும் கேபினிலேயே வைத்துவிட்டு இறங்குவதே நல்லது. சோற்றில் பிசைந்த கறிவேப்பிலைக்கும் பச்சைக் கொத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் துறைமுகத்தில் நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

கொண்டுபோகக்கூடியவை குறைவு. மூடி திறக்காத தண்ணீர் பாட்டிலால் தொல்லை வராது. கடையில் வாங்கி உறை பிரிக்காத பிஸ்கட், சாக்லேட் போன்றவை பெரும்பாலும் அனுமதிக்கப்படும், ஆனால் அறிவித்த பிறகே. பலரும் தவறுவது இங்கேதான். நியூசிலாந்தில் அறிவிக்க வேண்டிய உணவு என்றால் சமைத்தது, சமைக்காதது, உலர்ந்தது, பதப்படுத்தியது, உறையிட்டது எல்லாமே அதில் அடங்கும். ‘இது அனுமதிக்கப்பட்ட பொருள்தானே, எதற்குச் சொல்ல வேண்டும்’ என்று நாமே தீர்ப்பு எழுதிக்கொள்ளக் கூடாது.

அறிவிப்பது கடினமான காரியமன்று. கப்பல் நிறுவனம் நிரப்பச் சொல்லும் படிவம் எதுவாயினும், அதில் உணவு பற்றிய கேள்விக்கு உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். துறைமுக வாசலில் உயிரியல் பாதுகாப்பு அதிகாரி நின்றால், பையைத் திறந்து காட்டி, ‘இதில் பிஸ்கட் பாக்கெட் இருக்கிறது’ என்று வாயால் சொல்லிவிட வேண்டும். அறிவித்த பொருளுக்கு அனுமதி இல்லையென்றால் அதை வாங்கிக்கொண்டு நம்மைப் போகச் சொல்வார்கள், அபராதம் கிடையாது. மறந்துபோய்க் கொண்டுவந்துவிட்டது நடுவழியில் நினைவுக்கு வந்தால், சோதனைக்கு முன்பாக வைத்திருக்கும் தொட்டியில் போட்டுவிடலாம். அதில் போட்டவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. அதைக் கடந்து போன பிறகு பையில் அகப்பட்டால்தான் 400 டாலர். மறதி என்று சொன்னாலும் கட்டியாக வேண்டியதுதான். வேண்டுமென்றே மறைத்ததாக நிரூபணமானால் ஒரு லட்சம் டாலர் வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஒரு வாழைப்பழத்துக்கு அந்த அளவுக்குப் போகமாட்டார்கள்தான்; ஆனாலும் அதிகாரியிடம் பொய் சொல்வது வாழைப்பழத்தைவிடப் பெரிய குற்றம் என்பதைப் பிள்ளைகளிடமும் சொல்லி வைக்க வேண்டும்.

மோப்ப நாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டௌரங்காவில் கப்பல் மவுன்ட் மௌங்கனூயி பக்கம் கட்டியிருந்தது. நாங்கள் இறங்கி வரிசையில் நடந்தபோது ஒரு பீகிள் நாய் ஒவ்வொரு பையாக முகர்ந்துகொண்டே வந்தது. குரைக்கவில்லை, இழுக்கவில்லை. எங்களுக்கு முன்னால் போன பெரியவரின் தோள்பையருகே வந்ததும் பேசாமல் உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்தால் ‘இருக்கிறது’ என்று பொருள். அவர் பதறிப் போய்ப் பையைக் கவிழ்த்துக் காட்டினார். மூக்குக்கண்ணாடி, மாத்திரைப் பெட்டி, ஒரு மப்ளர், வேறு எதுவுமில்லை. முந்தின நாள் கப்பலின் மேல்தளத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றுவிட்டுத் தோலை அதே பையில் போட்டு வைத்திருந்திருக்கிறார். தோல் போய்விட்டது, வாசனை போகவில்லை. அதிகாரி சிரித்தபடியே அனுப்பிவிட்டார், ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அன்றிலிருந்து கரைக்குக் கொண்டுபோக ஒரு பை, கப்பலுக்குள் சாப்பாடு வைக்க ஒரு பை என்று பிரித்துக்கொண்டோம். குழந்தை வண்டியின் அடித்தட்டையும் தள்ளிக்கொண்டு இறங்குமுன் ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும். பாதி கடித்த ஆப்பிள்கள் பதுங்கும் இடம் அது.

சர்க்கரை நோயாளிகளின் சிக்கல் உண்மையானது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. மாத்திரை போட்டவர் வேளைக்குச் சாப்பிட்டாக வேண்டும். இதற்கு நான் கண்ட வழி, இறங்குவதற்குச் சற்று முன்பு கப்பலிலேயே நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, அவசரத்துக்கு உறை பிரிக்காத பிஸ்கட்டும் குளுக்கோஸ் மாத்திரையும் மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டையும் அறிவித்துவிடுவது. இறங்கியதும் முதல் வேலையாக ஊருக்குள் உள்ள சூப்பர்மார்க்கெட்டில் இரண்டு பழம் வாங்கிப் பையில் போட்டுவிட்டால் பெரியவருக்கும் மனம் ஆறும். கைக்குழந்தையின் பால்மாவையும் டப்பா உணவையும் உறையோடு காட்டிச் சொல்லிவிட வேண்டும். கரையில் வாங்கிய பழத்தைக் கப்பல் ஏறுமுன் தின்று தீர்த்துவிடுவதே நல்லது. கப்பலுக்குள் போய்விட்டால் அடுத்த துறைமுகத்தில் அதுவும் கப்பல் பழம்தான்.

சிட்னிக்குத் திரும்பும்போது கதை மறுபடி தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவின் வருகைப் படிவத்திலும் உணவு பற்றிய கேள்வி உண்டு. சிட்னியில் நம் வீட்டில் சுட்ட முறுக்கையே கப்பலுக்கு எடுத்துப் போய், தின்றது போக மிச்சத்தைத் திரும்பக் கொண்டுவந்தாலும் அதை அறிவிக்கத்தான் வேண்டும். புறப்பட்ட இடம் ஆஸ்திரேலியா என்பது அங்கே செல்லுபடியாகாது. வீட்டுப் பலகாரம் கொண்டுவரக் கூடாது என்று சொல்லும் கப்பல்களும் உண்டு என்பதால் ஏறுவதற்கு முன்பே நிபந்தனைகளைப் படித்துவிட வேண்டும்.

வெளிநாட்டு எல்லையைத் தாண்டாத பயணம் என்றாலும் தப்பித்துவிட்டதாக எண்ண வேண்டாம். சிட்னியிலிருந்து ஹோபார்ட் போகும் கப்பலில் பாஸ்போர்ட் முத்திரை எதுவும் விழாது. ஆனால் தாஸ்மானியா தன் பழத்தோட்டங்களைக் காக்க, மற்ற மாநிலங்களிலிருந்து பயணிகள் பச்சைப் பழமும் காயும் கொண்டுவருவதைத் தடுத்திருக்கிறது. அங்கேயும் நாய் நிற்கும்.

வேறு கடல்களில் அளவுகள் மாறும். அமெரிக்கத் துறைமுகத்தில் உணவை அறிவிக்காமல் விட்டால் 10,000 டாலர் வரை போகலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலுள்ள துருக்கி போன்ற நாட்டைத் தொட்டுவிட்டுக் கிரேக்கத்தில் இறங்குகிறவர்கள் இறைச்சியும் பால் பொருளும் எடுத்துப் போகக் கூடாது. ஆனால் அன்னாசி, தேங்காய், டுரியான், வாழை, பேரீச்சை ஆகிய ஐந்து பழங்களுக்கு அங்கே சான்றிதழ் தேவையில்லை. அங்கே தப்பிக்கும் வாழைப்பழம் நேப்பியரில் தப்பிக்காது. ஆகவே, இறங்கும் நாளுக்கு முந்தின மாலை கேபினுக்கு வரும் அறிவிப்புத் தாளில் அந்தத் துறைமுகத்துக்கான விதியை வாசித்துவிட்டு, அன்றிரவே கைப்பையைப் படுக்கையில் கொட்டிப் பார்த்து, நாப்கின் பொட்டலம் ஏதாவது இருந்தால் உடனே எடுத்துப் போட்டுவிடுங்கள்.