ஓடி வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் என்று எந்தப் பக்கம் போனாலும், பதின்வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் சாயங்காலப் பேச்சு ஏறக்குறைய ஒன்றுதான். கைபேசிக்குத் திட்டு, சாப்பாட்டுக்குக் கெஞ்சல், விளையாட்டுக்கு "பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்". மூன்றையும் மூன்று தனி வழக்காக நடத்துகிறோம். ஆனால் அந்தப் பிள்ளையின் உடம்பில் இவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டேதான் இருக்கின்றன. இதைக் கவனிக்காமல் போவதால் நல்ல எண்ணத்தோடு செய்கிற காரியங்களே சில நேரம் தவறாகிவிடுகின்றன.

முதலில், "விளையாடுகிற பையன்தானே, எதைத் தின்றாலும் கரைந்துவிடும்" என்ற நம்பிக்கை. 50 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓடினால் செலவாவது சுமார் 50 கலோரி. பேக்கரியில் வாங்கும் ஒரு முட்டை பப்ஸில் 250 முதல் 300 கலோரி வரை இருக்கும். ஆக, ஒரு பப்ஸுக்கு ஐந்தாறு கிலோமீட்டர் ஓட வேண்டும். நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு பேக்கரி. அதைத் தாண்டினால் தள்ளுவண்டிக் காளான். பெயர்தான் காளான், தட்டில் பெரும்பாலும் மைதாவும் முட்டைக்கோசும் எண்ணெயில் பொரிந்து கிடக்கும். கூடவே ஒரு கோலா. 300 மில்லி பாட்டிலில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. உணவில் சேர்க்கும் சர்க்கரையை நாளின் மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அதில் பாதிக்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது. 2,000 கலோரி சாப்பிடும் பிள்ளைக்கு அந்தப் பாதி என்பது 25 கிராம். ஒரு பாட்டிலே அதைத் தாண்டிவிடுகிறது.

இந்தக் கணக்கைப் படித்துவிட்டு நேர் எதிர்த் தவறுக்குப் போகிறவர்களும் உண்டு. "பப்ஸ் தின்றாயல்லவா, போய்ப் பத்து ரவுண்டு ஓடிவிட்டு வா." என்னைக் கேட்டால் இது முன்னதைவிட மோசம். மைதானம் தண்டனை இடமாகிவிட்டால் அந்தப் பிள்ளை அங்கே மறுபடி ஏன் போகப் போகிறது? எலும்பும் தசையும் வலுப்பெற, தூக்கம் நன்றாக வர, மனம் இலேசாக ஓட்டம் வேண்டும். தின்றதை அழிக்கும் ரப்பராக அதைக் காட்டக் கூடாது. பெண் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. சீர் வீட்டிலோ கல்யாண மண்டபத்திலோ யாராவது ஒரு பெரியம்மா, "என்ன அம்மணி, இப்படிப் பெருத்துவிட்டாய்?" என்று கேட்டுவிட்டுப் பந்திக்குப் போய்விடுவார். மறுநாள் முதல் அந்தப் பெண் காலைச் சாப்பாட்டை நிறுத்துவாள். வீட்டில் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரு மாதம் கழித்து மயங்கி விழுந்த பிறகுதான் கேள்வி வரும்.

அடுத்தது, திரைக்கு முன்னால் சாப்பாடு. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தார் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது சிறியது, நேரடியானது. சராசரி எடை கொண்ட 22 பதின்வயதுப் பையன்களை ஒரு நாள் ஒரு மணி நேரம் வீடியோ கேம் ஆட வைத்தார்கள். இன்னொரு நாள் அதே நேரம் சும்மா உட்கார வைத்தார்கள். பிறகு வேண்டிய மட்டும் சாப்பிடச் சொன்னார்கள். கேம் ஆடிய நாளில் சுமார் 80 கலோரி அதிகமாக உள்ளே போனது. பசி கூடியதாக அவர்கள் சொல்லவே இல்லை என்பதுதான் விஷயம். விளையாடி முடித்த பிறகே இப்படியென்றால், விளையாடிக்கொண்டே சாப்பிடும்போது எவ்வளவு போகிறது என்று கைக்குத் தெரியாது. வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆகும். கண்ணும் மனமும் வேறிடத்தில் இருந்தால் சாப்பிட்ட நினைவே மங்கலாகி, சீக்கிரமே மறுபடி எதையாவது கொறிக்கத் தோன்றும்.

பதினான்கு வயதுப் பையன் கேம் ஆடிக்கொண்டிருக்க, "இன்னும் ஒரு வாய் கண்ணு" என்று அரிசிம்பருப்புச் சாதத்தை ஊட்டிவிடும் வீடுகள் இங்கே குறைவில்லை. பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் போதும் என்பதைத் தானாக உணரும் பழக்கம் அவனிடமிருந்து போகிறது. சாப்பிடும் இடத்தில் கைபேசி வேண்டாம் என்றால் அது அப்பாவின் வாட்ஸ்அப்புக்கும், அப்புச்சி பார்க்கும் செய்திச் சேனலுக்கும் சேர்த்துத்தான். பிள்ளைக்கு மட்டும் போடும் சட்டம் மூன்று நாள்கூட நிற்காது.

திரை நேரத்தை மணிக்கணக்கில் மட்டும் அளப்பதும் ஒரு தவறு. "நாளுக்கு இரண்டு மணி நேரம்" என்ற அளவை இன்னும் பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் பெரிய பிள்ளைகளுக்கான அந்த ஒற்றை வரம்பை 2016இலேயே கைவிட்டுவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் 5 முதல் 17 வயதுக்கு, உட்கார்ந்து திரை பார்க்கும் பொழுதுபோக்கைக் குறைக்கச் சொல்கிறதே தவிர, மணிக்கணக்கு எதையும் தரவில்லை. உடலசைவுக்கு மட்டும் தெளிவாகச் சொல்கிறது: சராசரியாக நாளுக்கு 60 நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்கு, வாரத்தில் மூன்று நாளாவது எலும்பையும் தசையையும் வலுவாக்கும் பயிற்சி.

திரை எதன் இடத்தைப் பிடிக்கிறது என்பதைத்தான் கேட்க வேண்டும். பெரும்பாலும் அது பிடிப்பது தூக்கத்தின் இடத்தை. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. இந்த வயதில் தூக்கம் வரும் நேரம் இயல்பாகவே தள்ளிப்போகும். போர்வைக்குள் ரீல்ஸ் ஓடினால் நள்ளிரவாகிவிடும். காலையில் டியூஷனோ ஏழு மணி வேனோ காத்திருக்கிறது. எழுந்ததும் பசி இருக்காது, இட்லிக்கு நேரமும் இருக்காது. பதினொரு மணி இடைவேளையில் கேன்டீன் சமோசா, மதியம் பாதி டப்பா, சாயங்காலம் பேக்கரி. தூக்கம் குறைந்த உடம்பில் பசியைத் தூண்டும் கிரெலின் கூடும். போதும் என்று சொல்லும் லெப்டின் குறையும். இனிப்பையும் பொரித்ததையும் தேடச் சொல்வது அதுதான். களைப்பில் மைதானத்துக்கும் போகத் தோன்றாது. "வாய்க்கட்டுப்பாடே இல்லை" என்று நாம் திட்டும் பல பிள்ளைகளின் சிக்கல் முந்தைய இரவில் தொடங்கியது. இரவு கைபேசியைக் கூடத்தில் சார்ஜில் போடுவது, எந்த டயட் பட்டியலையும் விட அதிகப் பலன் தரும் என்பது என் எண்ணம்.

பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து இரவு ஒன்பதுக்கு வீடு திரும்பும் பெற்றோரிடம் "சாயங்காலம் சத்தான சிற்றுண்டி செய்து கொடுங்கள்" என்று சொல்வது உபதேசம்தான். அவித்த நிலக்கடலை, வாழைப்பழம், காலையிலேயே வேகவைத்த பச்சைப்பயறு என்று, பிள்ளை தானே எடுத்துச் சாப்பிடும்படி கண்ணில் படும் இடத்தில் இருந்தால் போதும். மிக்சர் டப்பா மேல் அலமாரிக்குப் போகட்டும்.

விளையாடும் பிள்ளைகள் வீட்டில் வேறொரு தவறு: டப்பா மோகம். பத்தாம் வகுப்புப் பையன் ஜிம்மில் சேர்ந்த வாரமே புரோட்டீன் பவுடர் கேட்கிறான். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். முட்டைக்குப் பெயர் பெற்ற நாமக்கல் பக்கத்திலேயே இருக்கிறது. பால், கொள்ளு, கடலை, கறி எல்லாம் நம் அடுப்படிச் சமாசாரம். ஆற்றல் பானங்கள் அறவே வேண்டாம். 250 மில்லி கேனில் சுமார் 75 மில்லிகிராம் காஃபின் இருக்கும். குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று கேனிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். ஒரு மணி நேர ஆட்டத்துக்குத் தண்ணீரே போதும். வெயிலில் அதற்கு மேல் ஆடினால் உப்புப் போட்ட மோர், பொள்ளாச்சி இளநீர்.

கபடி, வாலிபால் ஆடும் பெண்களுக்கு இரும்புச்சத்து தனிக் கவலை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இரத்தசோகை. சாப்பிட்டதும் டீ குடித்தால் இரும்புச்சத்து சேர்வது குறையும். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் கூடும். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்பு மாத்திரையை ஜன்னல் வழியாக எறிவதை நிறுத்தினாலே பாதி வேலை முடியும்.

பள்ளிகளுக்கும் ஒரு சொல். உடற்கல்வி வகுப்பைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவதும், பத்தாம் வகுப்பு வந்ததும் மைதானத்தைப் பூட்டுவதும் இந்த மண்டலத்தில் ஊரறிந்த வழக்கம். 11 முதல் 17 வயதினரில் 81 சதவீதம் பேர் போதுமான அளவு அசைவதில்லை என்று 2016ஆம் ஆண்டுத் தரவுகளை வைத்து உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. மதிப்பெண்ணுக்குப் பயந்து அந்தக் கூட்டத்தில் நாமும் ஆள் சேர்க்கிறோம். கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதி இருக்கிறது. பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பேச்சு முடிந்த பிறகாவது அதைக் கேட்கலாம்.

எடை வேகமாகக் குறைவது, மாதவிடாய் தொடர்ந்து மூன்று மாதம் நிற்பது, சாப்பிட்டதும் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது, உணவை ஒளித்துவைத்துத் தின்பது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் வீட்டு வைத்தியத்தோடு நிற்க வேண்டாம். குழந்தை மருத்துவரிடமோ அரசு மருத்துவமனையிலோ காட்டுங்கள். போகும் வழியில் திட்டாதீர்கள்.