மானிட்டர் பக்கம் போகவே பிடிக்கலையா? புது நடிகர்களுக்குச் சில வழிகள்

என் முதல் படத்தை ரிலீஸுக்கு முன் எங்களுக்குப் போட்டுக் காட்டிய பிரிவ்யூ அன்று, இடைவேளை வருவதற்கு முன்பே எழுந்து வெளியே போய் எதிரே இருந்த டீக்கடையில் நின்றவன் நான். படத்தில் எனக்கு மொத்தமே நாலு சீன், ஹீரோவின் நண்பர்கள் கூட்டத்தில் மூன்றாவது ஆள், அவ்வளவுதான். ஆனாலும் அந்த இரண்டாவது சீனில் நான் நடந்து வரும்போது என் இடது கை மட்டும் எங்கே போவதென்று தெரியாமல் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. அதற்கப்புறம் சில வருடம் உதவி இயக்குநராக வேலை பார்த்தபோதுதான் தெரிந்தது, என்னைவிடப் பெரிய ஆட்களுக்கும் இதே வியாதி உண்டு என்று.

தன்னைத் தானே திரையில் பார்க்க வருகிற இந்தக் கூச்சம் இருப்பதில் தப்பே இல்லை. ஹாலிவுட்டில் ஆடம் டிரைவர் 2019 டிசம்பரில் ஒரு ரேடியோ பேட்டிக்குப் போனார். அவர் நடித்த படத்திலிருந்து ஒரு துண்டை ஒலிபரப்பப் போகிறார்கள் என்றதும் எழுந்து போய்விட்டார். தன் குரலைத் தானே கேட்கப் பிடிக்காது என்பதை அவர் முன்பே சொல்லியிருந்தவர். பிரிட்டிஷ் நடிகை மேகி ஸ்மித் டவுன்டன் ஆபி என்ற டிவி தொடரில் 2010லிருந்து 2015 வரை நடித்தார், ஆனால் அதை உட்கார்ந்து பார்த்ததில்லை என்று சொன்னார். பார்த்தால் "இதை வேறு மாதிரி செய்திருக்கலாமே" என்றுதான் தோன்றும் என்பது அவர் காரணம். அதனால் உங்களுக்கு மட்டும் ஏதோ கோளாறு என்று நினைக்க வேண்டாம். அதே சமயம், தன் படத்தைப் பார்க்காதவர்தான் உண்மையான கலைஞர் என்று சிலர் பந்தா பண்ணுவார்களே, அதையும் நம்ப வேண்டாம். பார்த்துப் பார்த்தே தன்னைத் திருத்திக்கொண்ட அருமையான நடிகர்களும் நிறைய.

முக்கியமான விஷயம், "என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை" என்று நாம் ஒரே மூச்சில் சொல்வது உண்மையில் மூன்று தனித்தனி விஷயம். வேலைக்காகப் பார்ப்பது ஒன்று, அதாவது எடுத்த ஷாட்டை ஷூட்டிங் இடத்திலேயே காட்டும் மானிட்டரும், படத்தைப் பார்த்தபடி வசனம் பேசும் டப்பிங்கும். இதிலிருந்து தப்பிக்க முடியாது. பிரிவ்யூ, முதல் நாள் முதல் காட்சி, டிவியில் போடும்போது பார்ப்பது இரண்டாவது. இதைத் தாராளமாகத் தவிர்க்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. மூன்றாவது, பேட்டி, விழா மேடை என்று நடித்த படத்துக்குச் செய்யும் விளம்பரம். இதில் தவிர்க்க முடிவதும் முடியாததும் நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் என்ன பேசினீர்கள் என்பதைப் பொறுத்தது. நான் பார்த்த சண்டைகளில் பாதி, இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டதால் வந்தவைதான்.

முதலில் வேலைக்காகப் பார்ப்பது. திரையில் நம் முகம் ஏன் அந்நியமாகத் தெரிகிறது என்பதற்குச் சாதாரணக் காரணம் ஒன்று இருக்கிறது. நாம் வாழ்நாள் முழுக்கப் பழகியது கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரிகிற முகம். கேமரா காட்டுவது மற்றவர்கள் பார்க்கிற முகம். வகிடு எதிர்ப்பக்கம் இருக்கும், கோணல் சிரிப்பு எதிர்ப்பக்கம் கோணும். 1977இல் அமெரிக்காவில் இதை வைத்தே ஒரு ஆய்வு செய்தார்கள். ஒருவரின் படத்தை நேராகவும் கண்ணாடிப் பிம்பமாகவும் அச்சடித்துக் காட்டியபோது, அவரவர்க்குப் பிடித்தது பெரும்பாலும் கண்ணாடிப் பிம்பம், நண்பர்களுக்குப் பிடித்தது நேரான படம். குரலுக்கும் இதே கதைதான். பேசும்போது நம் குரல் காது வழியாக மட்டுமல்லாமல் மண்டை எலும்பின் அதிர்வாகவும் உள்ளே கேட்கிறது, அதில் அடிக்குரல் தூக்கலாக இருக்கும். ஒலிப்பதிவில் அந்தப் பங்கு இல்லாததால் "இது என்ன கீச்சுக் குரல்" என்று தோன்றுகிறது. உங்களுக்குத்தான் அப்படி, மற்றவர்கள் பிறந்ததிலிருந்து உங்களிடம் கேட்டு வருவது அந்தக் குரலைத்தான்.

அதனால் செய்ய வேண்டியது பழக்கப்படுத்திக்கொள்வது. போனை எதிரே நிறுத்தி, பின்பக்கக் கேமராவில் (செல்ஃபி கேமரா வேண்டாம், சில போனில் அது பிம்பத்தைத் திருப்பிவிடும்) தினமும் ஒரு நிமிடம் ஏதாவது பேசிப் பதிவு செய்யுங்கள். முதல் வாரம் படத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேளுங்கள். இரண்டாவது வாரம் சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். பார்த்துவிட்டு ஒரு நோட்டில் நடந்ததை எழுதுங்கள், நன்றாக இருந்ததா இல்லையா என்பதை எழுதக் கூடாது. "மூன்று முறை கண் சிமிட்டினேன், வாக்கிய முடிவில் தலை கீழே போகிறது" என்கிற மாதிரி. "மூக்கு பெரிசு" என்று எழுதினால் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடுங்கள், மூக்கை ஒன்றும் செய்ய முடியாது.

மானிட்டர் விஷயத்தில், பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் ஷாட் முடிந்ததும் ஓடிப்போய் எட்டிப் பார்க்கவே வேண்டாம். சில இயக்குநர்கள் நடிகர்களை மானிட்டர் பக்கம் விடுவதே இல்லை, அவர்களுக்கு நீங்கள் செல்லப்பிள்ளை. ஆனால் தகவல் உங்களுக்கு வந்தாக வேண்டும், அதனால் ஒரு உதவி இயக்குநரை நட்பாக்கிக்கொள்ளுங்கள். அவரிடம் "நல்லா இருந்துச்சா அண்ணே?" என்று மட்டும் கேட்காதீர்கள், "சூப்பர் தம்பி" என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்காது. "கதவு சத்தம் கேட்டுத் திரும்பினேனே, சீக்கிரம் திரும்பிட்டேனா?" என்று கேளுங்கள். நான் மானிட்டர் பக்கத்தில் நின்ற நாட்களில் இப்படிக் கேட்டவர்களுக்குத்தான் உருப்படியாக ஏதாவது சொல்ல முடிந்தது.

டப்பிங்தான் பெரிய கண்டம். நம் ஊரில் பெரும்பாலான படங்களுக்கு ஷூட்டிங் முடிந்த பிறகு டப்பிங் உண்டு, லைவ் சவுண்டில் எடுத்த படத்துக்கும் அங்கங்கே பேச வேண்டி வரும். இருட்டு அறை, எதிரே நீங்கள், காதில் ஹெட்போன், அதே வரியை இருபது தடவை. இங்கே ஒரு தந்திரம்: திரையில் இருக்கும் ஆளை "நான்" என்று நினைக்காமல் கதாபாத்திரத்தின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். "மாரி இங்க மூச்சு விடறான்" என்று வாய்விட்டே சொல்லலாம், சவுண்ட் இன்ஜினியர் சிரிக்க மாட்டார், அவர் எல்லாவற்றையும் பார்த்தவர். முழு முகத்தையும் பார்க்காமல் உதட்டையும் தொண்டையையும் மட்டும் பாருங்கள், உதட்டசைவோடு குரல் பொருந்துவதற்கு அது போதும். முதலில் ரெண்டு தடவை பைலட் ட்ராக்கோடு (ஷூட்டிங்கில் பதிவான குரல்) ஓட்டச் சொல்லுங்கள், அப்புறம் பேசுங்கள். ஒரு நாளில் முடிக்கிறேன் என்று வீராப்புப் பேசாமல் இரண்டு அரை நாளாகக் கேளுங்கள். வேறொருவரைப் பேசவைத்துவிடலாமே என்று மட்டும் யோசிக்காதீர்கள், நடிப்பில் பாதி குரல்தான்.

பிரிவ்யூவுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடைசி வரிசை ஓரச் சீட்டில் உட்காருங்கள், விளக்கு அணைந்ததும் நழுவுங்கள், முடிய பத்து நிமிடம் இருக்கும்போது திரும்பி வாருங்கள். இயக்குநரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போனால் படம் பிடிக்காமல் எழுந்து போய்விட்டான் என்று ராத்திரிக்குள் ஊரெல்லாம் பேசும்.

சரி, விளம்பரம். தமிழ் சினிமாவில் பி.ஆர்.ஓ., அதாவது மக்கள் தொடர்பாளர் என்ற வேலையே 1958இல் நாடோடி மன்னன் படத்தோடு ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தொடங்கி வைத்தது. அன்றைக்குப் பத்திரிகைக்குச் செய்தியும் ஸ்டில்லும் கொடுத்தால் முடிந்தது. இன்றைக்கு ஆடியோ லான்ச், ட்ரெய்லர் லான்ச், காலேஜ் விசிட், தியேட்டர் விசிட், ஒரே நாளில் பத்து யூடியூப் சேனல், நடுவில் ரீல்ஸுக்கு ஒரு டான்ஸ். பிடிக்காதவர்களுக்கு நரகம்தான்.

உடனே அஜித்தையும் நயன்தாராவையும் காட்டுவீர்கள். அஜித் பல ஆண்டுகளாகப் படத்துக்காக மேடை ஏறுவதில்லை, 2011இல் ரசிகர் மன்றங்களையே கலைத்தவர். நயன்தாராவும் பெரும்பாலும் விளம்பரத்துக்கு வருவதில்லை. கவுண்டமணி பேட்டி கொடுத்துப் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. ஆனால் அவர்கள் பெயரே போஸ்டர். நாலு சீன் நடித்த நீங்களும் நானும் அதைச் செய்தால் திமிர் என்பார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். நயன்தாரா 2022இல் தன் சொந்தத் தயாரிப்பான கனெக்ட் படத்துக்குப் பேட்டி கொடுத்தார். அஜித் 2025 ஜனவரியில் துபாய் கார் ரேஸின்போது மைக் முன்னால் சாவகாசமாகப் பேசினார். எது தன் மனசுக்கு நெருக்கமோ அதைப் பற்றிப் பேச யாருக்கும் சிரமமில்லை, நாம் இதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு முன்னால் அக்ரிமென்ட். அட்வான்ஸ் வாங்கும் சந்தோஷத்தில் இதை யாரும் படிப்பதில்லை. விளம்பரத்துக்கு எத்தனை நாள், வெளியூர் உண்டா, போக்குவரத்தும் மேக்கப்பும் யார் செலவு, ரிலீஸுக்குப் பிறகு எத்தனை நாள் என்று எண்ணாகவே எழுதி வாங்குங்கள். "தேவைப்படும்போது ஒத்துழைக்க வேண்டும்" என்ற வரி இருந்தால் அடித்துவிட்டு "மூன்று நாள்" என்று போடச் சொல்லுங்கள். ஒரு படத்தில் எனக்கு டப்பிங் முடிந்த பிறகும் சம்பளப் பாக்கி இருந்தது, ப்ரோமோஷனுக்கு வந்தால் தருகிறோம் என்றார்கள், போனேன், வரவில்லை. பாக்கியை டப்பிங்குக்கு முன்பே முடிப்பதுதான் இங்கே பழைய ஆட்களின் வழக்கம், அதையே பின்பற்றுங்கள்.

நாள் கணக்கு முடிவானதும் பி.ஆர்.ஓ.விடம் போய் எது முடியும் என்பதை முதலில் சொல்லுங்கள். "நான் பேட்டி தர மாட்டேன்" என்று ஆரம்பித்தால் கதவு சாத்திக்கொள்ளும். "கூட நடிச்சவரோட சேர்ந்து உட்கார்றேன், பத்திரிகைக்கு எழுதித் தர்றேன், தியேட்டர் விசிட் வர்றேன், தனியா ஒரு மணி நேரம் மட்டும் வேண்டாம் சார்" என்றால் அவருக்கும் வேலை நடக்கும். பழைய சீனைப் போட்டுக் காட்டி உங்கள் முகம் போகிற போக்கைப் படம் பிடிக்கும் பழக்கம் இங்கே நிறைய சேனல்களில் உண்டு. அது வேண்டாம் என்று முந்தின நாளே சொல்ல வேண்டும், கேமரா ஓட ஆரம்பித்த பிறகு சொன்னால் அந்த முகச்சுளிப்பே தம்ப்நெயில் ஆகிவிடும். விழா மேடையில் உங்களைப் பற்றி ஏ.வி. (சின்ன வீடியோ தொகுப்பு) ஓடினால் திரையைப் பார்க்காமல் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பாருங்கள், அவர் ரசிப்பதைப் பார்த்து நீங்களும் சிரித்து வைக்கலாம்.

பேட்டிக்கு மூன்று சம்பவங்கள் தயார் செய்துகொள்ளுங்கள், மூன்றும் உங்களைப் பற்றியதாக இருக்க வேண்டாம். லைட்மேன் ஒருவர் மழையில் செய்த காரியம், வில்லனாக நடித்தவர் நிஜத்தில் எவ்வளவு பயந்தாங்கொள்ளி, உங்கள் பாத்திரத்துக்காகக் கற்றுக்கொண்ட தொழில். புரோட்டா வீசக் கற்றுக்கொண்டேன் என்றால் மாவு பிசைவதைப் பற்றியே பத்து நிமிடம் பேசலாம், "உங்க நடிப்பைப் பத்தி சொல்லுங்க" என்ற கேள்வி வரும்போது நேரம் முடிந்திருக்கும்.

இதையெல்லாம் சமாளித்தாலும் ஒன்று மட்டும் மிச்சம் இருக்கும். தீபாவளிக்கு டிவியில் உங்கள் படத்தைப் போடுவார்கள், அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு உட்காரவைப்பார். அங்கே அக்ரிமென்ட் செல்லாது. நான் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன், அந்தக் கை தொங்கும் சீன் முடிந்ததும் தங்கச்சி கீழேயிருந்து குரல் கொடுப்பாள்.