ஸ்டுட்கார்ட்டா, டிரெஸ்டனா? நீர்வளம் படிக்க ஜெர்மனி போகும் டெல்டாப் பிள்ளைகளுக்கு ஒரு வழிமுறை

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் சிவில் முடித்துவிட்டு நீர்வளத்தில் மேற்படிப்புக்கு அப்ளை செய்தவர்களுக்கு ஒரு நல்ல தலைவலி வரும். இரண்டு அட்மிஷன் கடிதம் வந்திருக்கும், இரண்டும் ஏறக்குறைய ஒரே தரமாக இருக்கும். உதாரணத்துக்கு ஸ்டுட்கார்ட் பல்கலையின் 'வாரெம்' (நீர்வளப் பொறியியலும் மேலாண்மையும்) படிப்பையும், டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலையின் 'ஹைட்ரோ சயின்ஸ் அண்ட் இன்ஜினியரிங்' படிப்பையும் எடுத்துக்கொள்வோம். இரண்டுமே ஆங்கில வழி, நான்கு செமஸ்டர். ஸ்டுட்கார்ட் 1829-இல் தொடங்கியது, டிரெஸ்டன் 1828-இல். ஜெர்மனியின் ஒன்பது முன்னணித் தொழில்நுட்பப் பல்கலைகள் சேர்ந்த டியூ9 கூட்டமைப்பில் இரண்டுக்கும் இடம் உண்டு. இதில் ரேங்கிங்கைப் பார்த்து முடிவெடுப்பதும் சீட்டுக் குலுக்கிப் போடுவதும் ஒன்றுதான்.

படி 1: பொதுவானதை முதலில் கழித்துவிடுங்கள்

நம் படிப்புச் சான்றுகள் உண்மையானவைதான் என்று சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் இரண்டுக்கும் வேண்டும். விசாவுக்கு முடக்கக் கணக்கில் (மாதாமாதம் ஓர் அளவு மட்டுமே எடுக்க முடிகிற பிளாக்டு அக்கவுன்ட்) ஓர் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்டுவதும், படிக்கும்போது வருஷத்துக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம் என்பதும், படித்து முடித்தபின் வேலை தேட 18 மாதம் கிடைப்பதும் ஜெர்மனி முழுக்க ஒன்றுதான். ஏஜென்ட் இதையெல்லாம் ஒரு பல்கலையின் தனிப் பெருமை போலச் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

படி 2: உங்கள் தண்ணீர்ப் பிரச்சினை எது?

நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது இதில்தான். கடைசி செமஸ்டர் முழுக்க தீசிஸ். எதில் செய்யப்போகிறீர்கள்?

வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் உப்புக் கரிப்பது ஏன் என்ற கேள்வி உங்களை அரித்துக்கொண்டிருந்தால், அது நிலத்தடி நீர் ஓட்டம் பற்றிய கேள்வி. ஸ்டுட்கார்ட்டில் 'வேகாஸ்' என்ற ஆய்வுக்கூடம் இருக்கிறது. மண்ணிலும் நிலத்தடி நீரிலும் கலந்த மாசு எப்படி நகர்கிறது, அதை எப்படி அகற்றுவது என்று பெரிய தொட்டிகளில் சோதித்துப் பார்க்கும் இடம். கணினி மாடலிங்கிலும் அவர்கள் கை ஓங்கியிருக்கிறது.

கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் கரை ஏன் அரிக்கிறது, மணல் எங்கே போய்ப் படிகிறது என்பதுதான் உங்கள் ஆர்வம் என்றால் டிரெஸ்டனைப் பாருங்கள். ஹூபர்ட் எங்கெல்ஸ் என்ற பேராசிரியர் 1898-லேயே அங்கே ஆற்று நீரியல் ஆய்வுக்கூடம் அமைத்தார். இன்றும் அது அவர் பெயரில்தான் இயங்குகிறது. 2002 ஆகஸ்டில் எல்பே ஆற்றின் நீர்மட்டம் அந்த நகரத்தில் 9.40 மீட்டரைத் தொட்டது. வெள்ளம் அந்த ஊருக்கு வெறும் பாடமல்ல.

டிரெஸ்டனிலும் நிலத்தடி நீர் பாடம் உண்டு, ஸ்டுட்கார்ட்டிலும் ஆறு பற்றிய பாடம் உண்டு. அதனால் பெயரை நம்பாமல் அடுத்த படிக்குப் போங்கள்.

படி 3: பாடத்திட்டக் கையேட்டைத் திறங்கள்

பல்கலையின் தளத்திலேயே பிடிஎஃப் ஆகக் கிடைக்கும். மொத்தம் 120 கிரெடிட், அதில் தீசிஸுக்கு 30. மீதி எவ்வளவு கட்டாயம், எவ்வளவு விருப்பம் என்று பென்சிலால் குறியுங்கள். விருப்பப் பாடம் எந்த மொழியில் நடக்கிறது, குளிர்கால செமஸ்டரிலா கோடையிலா என்றும் பாருங்கள். ஆசைப்பட்ட பாடம் ஜெர்மன் மொழியில் மட்டும் இருந்தால் அது இல்லாத மாதிரிதான்.

அப்புறம் தேர்வு விதி. ஒரு தாளை எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு அங்கே வரம்பு உண்டு. கட்டாயத் தாளில் அது தீர்ந்தால் பல்கலையை விட்டு வெளியேற வேண்டியதுதான். நம் ஊர் அரியர் கணக்கு அங்கே செல்லாது.

படி 4: பணம்

ஸ்டுட்கார்ட் இருப்பது பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில். அங்கே 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம். நான்கு செமஸ்டருக்கு 6,000 யூரோ, அதாவது ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேல். டிரெஸ்டனில் இந்தக் கட்டணம் இல்லை, செமஸ்டர் பங்களிப்புத் தொகை மட்டும்தான். வீட்டு வாடகையும் ஸ்டுட்கார்ட்டில் கூடுதல். ஆனால் பாஷ், மெர்சிடிஸ் எல்லாம் அங்கேதானே என்பார்கள். அது கார் படிக்கிறவர்களுக்கு. தண்ணீர்க்காரருக்கு அதனால் பெரிய லாபம் இல்லை.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பெரிய கல்விக் கடனுக்கு வங்கி ஈடு கேட்கும். ஐந்து ஏக்கர் நஞ்சை இருக்கிறது என்று அப்பா தைரியமாகப் பத்திரத்தோடு போவார். மேனேஜர் புரட்டிப் பார்த்துவிட்டு, "நஞ்சை வேணாம் சார், வீடோ மனையோ இருந்தா கொண்டு வாங்க" என்பார். கடன் கட்டாவிட்டால் கோர்ட்டுக்குப் போகாமலே ஈட்டை எடுத்துக்கொள்ள வங்கிக்கு வழிசெய்வது 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம். அதன்படி விவசாய நிலத்தை வங்கி நேரடியாகக் கைப்பற்ற முடியாது, அதனால் கல்விக் கடனுக்குப் பெரும்பாலும் அதை ஏற்பதில்லை. வீட்டை வைத்து எவ்வளவு கிடைக்கும் என்று தெரிந்தபின் அந்த 6,000 யூரோவை மறுபடி பாருங்கள். சில வீடுகளில் கேள்வி அங்கேயே முடிந்துவிடும்.

படி 5: அங்கே படிக்கிறவர்களிடம் பேசுங்கள்

"காலேஜ் எப்படி?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். ஆய்வுக்கூடத்தில் மாணவர் உதவியாளர் வேலை எளிதாகக் கிடைக்கிறதா, தீசிஸுக்கு வழிகாட்டியை எப்படிப் பிடித்தீர்கள், எந்த அளவு ஜெர்மன் தெரிந்தபின் வேலை கிடைத்தது என்று கேளுங்கள்.

முடிவானதும் வேண்டாத இடத்துக்கு ஒரு வரி மெயில் போட்டு சீட்டை விட்டுக்கொடுங்கள். தேர்ந்தெடுத்த ஊரின் மாணவர் விடுதிக்கு அன்றைக்கே விண்ணப்பித்துவிடுங்கள், காத்திருப்போர் பட்டியல் நீளம்.