கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? ஃபார்மேட் போடச் சொல்லும் முன் இதைப் பாருங்கள்

"கம்ப்யூட்டர் ஆன் ஆக மாட்டேங்குது" என்று யாராவது சொன்னால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். பவர் பட்டனை அழுத்தியதும் என்ன நடக்கிறது? ஒன்றுமே அசையவில்லையா, ஃபேன் சுற்றியும் திரை கறுப்பாகவே இருக்கிறதா, இல்லை திரையில் ஏதோ வந்து பாதியில் நிற்கிறதா? இந்த மூன்றும் வேறு வேறு பழுதுகள். இதைக் கேட்காமலே "ஓஎஸ் (விண்டோஸ்) போயிடுச்சு, புதுசா போட்டுடலாம்" என்று சொல்லிவிடுகிறார்கள், போட்டும் விடுகிறார்கள், பிள்ளைகளின் பழைய போட்டோக்களும் வீட்டுப் பத்திர ஸ்கேன்களும் அதோடு அழிந்துபோகின்றன. ராம் (மெமரி பட்டை) சரியாக உட்காராததற்கு, டிஸ்க்கையே அழிக்கும் ஃபார்மேட் மருந்தே இல்லை.

இங்கே சொல்வது வீட்டு டெஸ்க்டாப்புக்கு. லேப்டாப் வைத்திருப்பவர்கள் நேராகக் கடைசிப் பகுதிகளுக்குப் போகலாம்.

ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், பள்ளிக்கூடப் பையில் இருக்கும் சாதாரண வெள்ளை ரப்பர், மொபைல் டார்ச், இவ்வளவு போதும். கேபினட்டைத் திறக்கும் முன் பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள், உள்ளே மிச்சமிருக்கும் கரன்ட் இறங்கும். கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டு, அப்புறம் உள்ளே கை வையுங்கள். எந்த கேபிளைக் கழற்றுவதானாலும் அதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை (உள்ளே கரன்ட் கொடுக்கும் பவர் சப்ளை) மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் ஆபத்தான அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

படி 1: எதுவுமே அசையவில்லை

சுவரில் இருந்து ஆரம்பியுங்கள். அதே பிளக் பாயின்ட்டில் டேபிள் லேம்பைச் செருகிப் பாருங்கள். யுபிஎஸ் இருந்தால் அதைத் தவிர்த்துவிட்டு கம்ப்யூட்டரை நேராகச் சுவரில் கொடுத்துப் பாருங்கள். பேட்டரி செத்துப்போன யுபிஎஸ்ஸை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைக் குறை சொல்லும் வீடுகள் நிறைய. பின்பக்கம் எஸ்எம்பிஎஸ்ஸில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், வீடு துடைக்கும்போது கைபட்டு அணைந்திருக்கலாம். கோடு போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் ஆன், வட்டம் என்றால் ஆஃப். மானிட்டருக்கும் கேபினட்டுக்கும் பெரும்பாலும் ஒரே மாதிரி பவர் கேபிள்தான், மாற்றிச் செருகிப் பாருங்கள்.

இதெல்லாம் சரி என்றால் மீதி இருப்பது எஸ்எம்பிஎஸ், முன்பக்க பட்டன், மதர்போர்டு (உள்ளே எல்லாம் மாட்டியிருக்கும் பெரிய பலகை). மதர்போர்டில் சின்ன லைட் எரிகிறது, ஆனால் பட்டனுக்கு அசைவே இல்லை என்றால் பட்டன் மேல் சந்தேகப்படலாம். தெரிந்தவர் யாரிடமாவது நல்ல எஸ்எம்பிஎஸ் இருந்தால் மாட்டிப் பார்ப்பதுதான் நிச்சயமான சோதனை.

படி 2: ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு

இங்கேதான் நிதானமாக வேலை செய்ய வேண்டும், ஏனென்றால் வீட்டிலேயே தீரக்கூடிய பழுதுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் இருக்கின்றன. முதலில் மானிட்டர் கேபிளைப் பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் அந்தக் கார்டில்தான் போக வேண்டும். மதர்போர்டில் உள்ள எச்டிஎம்ஐ துளையில் செருகினால் பல மெஷின்களில் படம் வராது.

அடுத்தது ராம். சிபியு ஃபேனுக்குப் பக்கத்தில் நீளவாக்கில் நிற்கும் பட்டைகள்தான் அவை. ஓரத்துக் கிளிப்பை விலக்கினால் பட்டை மேலே எழும்பும் (சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் கிளிப்). அடியில் வரிசையாகத் தங்க நிறத்தில் மின்முனைகள் தெரியும். மங்கலாக, கறை படிந்த மாதிரி இருந்தால் ரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, தூளைச் சுத்தமாகத் தட்டிவிடுங்கள். பட்டையின் அடியில் ஒரு வெட்டு இருக்கும், ஸ்லாட்டில் அதற்கு நேராக ஒரு மேடு இருக்கும். இரண்டையும் பொருத்தி, இரு முனையிலும் கட்டைவிரலால் சமமாக அழுத்துங்கள். 'டக்' என்று கிளிப் தானாக மூடிக்கொள்ளும் வரை அழுத்த வேண்டும், புதியவர்கள் பயந்துபோய்ப் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். இரண்டு பட்டை இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள், வரவில்லையா, ஸ்லாட்டை மாற்றுங்கள், அப்புறம் மற்றதைப் போட்டுப் பாருங்கள். ஒரு பட்டையில் வந்து இன்னொன்றில் வரவில்லை என்றால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது.

மெஷினும் தன் பங்குக்குச் சொல்லும். பழைய போர்டுகளில் பீப் சத்தம் வரும், எத்தனை பீப்புக்கு என்ன அர்த்தம் என்பது பயாஸ் (ஆன் ஆனதும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) கம்பெனியைப் பொறுத்து மாறும் என்பதால் போர்டின் மாடலைப் போட்டுத் தேடுங்கள். புதிய போர்டுகள் பலவற்றில் சிபியு (பிராசசர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (டிஸ்க்கிலிருந்து கிளம்புவது) என்று நான்கு குட்டி லைட்டுகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல்.

படி 3: தேதி தப்பாக இருக்கிறதா?

மதர்போர்டில் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032, 3 வோல்ட். வாட்ச் கடையிலேயே கிடைக்கும். இது தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னால் போவதோடு நிற்காது, பயாஸ் செட்டிங்குகளும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். யுஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையில் போட்ட விண்டோஸ், செட்டிங் லெகசி என்ற பழைய முறைக்கு மாறிவிட்டதால் கிளம்பாமல் நிற்பது இப்படித்தான். புது பேட்டரி போட்டு, பயாஸில் தேதியையும் பூட் முறையையும் பழையபடி வைத்தால் போதும். டிஸ்க்குக்கு ஒன்றுமே ஆகியிருக்காது.

படி 4: பூட் டிவைஸ் இல்லை என்று திரையில் வருகிறது

செருகியிருக்கும் பென்டிரைவ், மெமரி கார்டு எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்படியும் வந்தால் ஆன் ஆனவுடன் டெலீட் அல்லது எஃப்2 பட்டனைத் தட்டி பயாஸுக்குள் போய், உங்கள் டிஸ்க்கின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பூட் வரிசையில் அதை மேலே கொண்டுவாருங்கள். புதிய மெஷின்களில் அங்கே விண்டோஸ் பூட் மேனேஜர் என்று இருக்கும். பெயரே இல்லையென்றால் டிஸ்க்கையும் மதர்போர்டையும் இணைக்கும் சாட்டா கேபிளின் இரு முனையையும் கழற்றி மாட்டுங்கள், முடிந்தால் வேறு கேபிள் போடுங்கள்.

ஹார்டு டிஸ்க்கில் 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் உள்ளே இருப்பது மீளும் வாய்ப்பு குறைகிறது. முக்கியமான ஃபைல்கள் இருந்தால் டேட்டா ரெக்கவரி செய்பவரிடம்தான் போக வேண்டும்.

படி 5: விண்டோஸ் லோகோவில் நிற்கிறது

லோகோ வந்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் விண்டோஸ் தானாகவே ரிப்பேர் பக்கத்துக்குப் போகும். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ஸ்டார்ட்டப் ரிப்பேர், சிஸ்டம் ரீஸ்டோர், கடைசி அப்டேட்டை நீக்குவது, மூன்றும் இருக்கும். புது அப்டேட் வந்த மறுநாள் நின்றது என்றால் அப்டேட்டை நீக்குவதில் இருந்து தொடங்குங்கள். 48 இலக்க பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) சாவி கேட்டால் பதற வேண்டாம், மொபைலில் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் நுழைந்து பாருங்கள், பெரும்பாலும் அங்கே சேமித்திருக்கும். ரீசெட் என்று ஒரு பட்டனும், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்கு முந்தைய திரையில் கண்ணில் படும். இப்போதைக்கு அதைத் தொடாதீர்கள்.

முதலில் ஃபைல்களை வெளியே எடுங்கள். நண்பரின் கம்ப்யூட்டரில் 8 ஜிபி பென்டிரைவில் லினக்ஸ் மின்ட் (விண்டோஸ் மாதிரி இன்னொரு இலவச ஓஎஸ்) ஏற்றி, அதிலிருந்து பூட் செய்தால் எதையும் இன்ஸ்டால் செய்யாமலே டெஸ்க்டாப் வரும். பிட்லாக்கர் போட்ட டிஸ்க் என்றால் திறக்க அந்தச் சாவி இங்கேயும் வேண்டும். போட்டோ, டாகுமென்ட் ஃபோல்டர்களை வெளி டிஸ்க்குக்கு காப்பி செய்துகொள்ளுங்கள். விண்டோஸ் ஒழுங்காக அணையாததால் டிஸ்க்கில் எழுத முடியாது என்று சில சமயம் வரும், படிக்க முடிந்தால் காப்பிக்கு அதுவே போதும்.

இதற்கும் மசியவில்லை என்றால் கடைக்குப் போவதுதான் சரி. ஃபேன் சுற்றியும் படம் வராத பழுது என்றால், டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு மெஷினைக் கொடுங்கள். சாதாரண டிஸ்க் என்றால் இரண்டு கேபிள், நாலு ஸ்க்ரூ. மதர்போர்டிலேயே பட்டை போலப் படுத்திருக்கும் எம்.2 டிஸ்க் என்றால் பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி ஸ்க்ரூ. எஸ்எம்பிஎஸ், ராம், போர்டு எதைச் சோதிக்கவும் அவர்களுக்கு அந்த டிஸ்க் தேவைப்படாது.