லோயர் ஆர்ம் புஷ்: ரப்பரா, பாலியா?

பிரேக் பிடித்தால் கார் ஒரு பக்கம் இழுத்தது. அலைன்மென்ட் சரியாகவே இருந்தது. லோயர் ஆர்மை (சக்கரத்தைக் கார் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கை) நெம்பிப் பார்த்ததில் அதன் பின் புஷ் (கை சட்டத்தோடு சேரும் இடத்தில் உள்ள மெத்தை போன்ற உருளை) கிழிந்திருந்தது. தெருவில் ஓடும் கார், பாலி (பாலியூரித்தேன்) வேண்டாம், ரப்பரே போதும். புது புஷ்ஷை பிரெஸ்ஸில் (அழுத்தும் இயந்திரம்) ஏற்றும்போது அதன் வெளி வளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். ரப்பர் புஷ் சுழலாது, முறுக்கிக்கொள்ளும். ஜாக்கில் சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கினால், கார் இறங்கியதும் நிரந்தர முறுக்கில் நின்று சீக்கிரம் கிழியும் (பல ஒர்க்‌ஷாப்பில் நடக்கும் தவறு). எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே டார்க் ரெஞ்சால் (குறித்த அளவு விசையில் இறுக்கும் ஸ்பேனர்) இறுக்கி, அலைன்மென்ட் மறுபடி பார்த்தேன். இழுப்பு போய்விட்டது.

பாலியூரித்தேன் புஷ் உள்ளே இருக்கும் ஸ்லீவ் (உலோகக் குழாய்) மேல் சுழலும். சிலிகான் கிரீஸ் வற்றினால் கீச்சிடும். பல திசையில் அசையும் டிரெய்லிங் ஆர்மில் (சக்கரத்துக்கு முன்னிருந்து நீளும் கை) பாலி புஷ் இறுகிப் பிடிக்கும். டிராக் காருக்கு (ரேஸ் தடத்தில் ஓட்டுவது) அங்கே ஸ்பெரிக்கல் பேரிங்தான் (எல்லாப் பக்கமும் திரும்பும் உலோக உருண்டை மூட்டு). தெருவில் போட்டால் தூசி புகுந்து லொடலொடக்கும்.