பழைய போனில் லினக்ஸ் டெஸ்க்டாப்: ‘சிக்னல் 9’ வரும் வரை எல்லாம் சுலபம்தான்

டிராயரில் தூங்கிக்கொண்டிருந்த பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று. 4 ஜிபி ரேம், திரையில் ஒரு மூலையில் விரிசல். இப்போது அதில் டெபியன் என்ற லினக்ஸ் வகையும் எக்ஸ்எஃப்சிஇ என்ற எடை குறைந்த டெஸ்க்டாப்பும் ஓடுகின்றன, ப்ளூடூத் கீபோர்டை இணைத்து இந்தப் பதிவின் பாதியை அதில்தான் அடித்தேன். ரூட் செய்யவில்லை (போனின் முழு அதிகாரத்தையும் கையில் எடுக்கவில்லை), போனை இயக்கி வைக்கும் பூட்லோடரைத் தொடவில்லை. ஆண்ட்ராய்டையே துடைத்துவிட்டு போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற லினக்ஸைப் போடுவது இன்னொரு வழி, ஆனால் உங்கள் மாடலுக்கு ஆதரவு இருந்தால்தான் அது நடக்கும். முதல் முயற்சிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

கட்டளைகளை உச்சரிப்பிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் (கட்டளைகள் அடிக்கும் திரையில்) ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள். நகலெடுத்து ஒட்டிக்கொண்டே போனால் எங்கே சறுக்கினோம் என்றே தெரியாது, கையால் அடித்தால் தெரியும்.

தேவையானவை

டெர்மக்ஸ் செயலி, ஆண்ட்ராய்டுக்குள் லினக்ஸ் டெர்மினலைத் தருவது. இதை எஃப்-டிராய்டு என்ற செயலிக் கடையிலிருந்து எடுங்கள், பிளே ஸ்டோரில் இருப்பது வேண்டாம். அடுத்து டெஸ்க்டாப்பைத் திரையில் காட்டும் டெர்மக்ஸ்:எக்ஸ்11 செயலி, இது கிட்ஹப்பில் கிடைக்கும். விஎன்சி (திரையைத் தொலைவிலிருந்து பார்க்கும் முறை) வழியாகவும் டெஸ்க்டாப்பைப் பார்க்கலாம், பல விளக்கங்களில் அதைத்தான் சொல்வார்கள். நானும் அதில்தான் ஆரம்பித்தேன், மவுஸ் நகர்வதற்குள் கொட்டாவி வந்துவிடும். எக்ஸ்11 அதைவிட எவ்வளவோ தேவலை. போனில் 6 ஜிபியாவது காலி இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவுவது

டெர்மக்ஸைத் திறந்து ‘பிகேஜி அப்டேட்’, பிறகு ‘பிகேஜி அப்கிரேட்’. அது முடிந்ததும் ‘பிகேஜி இன்ஸ்டால் எக்ஸ்11-ரெப்போ’, அப்புறம் ‘பிகேஜி இன்ஸ்டால் டெர்மக்ஸ்-எக்ஸ்11-நைட்லி ப்ரூட்-டிஸ்ட்ரோ’ (ப்ரூட் என்பது பி-ஆர்-ஓ-ஓ-டி). இரண்டையும் ஒரே வரியில் சேர்த்து அடிக்காதீர்கள், முதலாவது முடிந்தால்தான் இரண்டாவதில் கேட்கும் பொதி எங்கே இருக்கிறதென்று அதற்குத் தெரியும்.

‘ப்ரூட்-டிஸ்ட்ரோ இன்ஸ்டால் டெபியன்’ என்று அடித்தால் டெபியன் இறங்கும். ‘ப்ரூட்-டிஸ்ட்ரோ லாகின் டெபியன்’ என்றால் உள்ளே போய்விடலாம். அங்கே நீங்கள்தான் ரூட் என்று காட்டும், நம்பாதீர்கள், அது வேஷம்தான். ப்ரூட் என்பது நிரல்கள் கேட்கும் ஒவ்வொன்றையும் நடுவில் நின்று பிடித்து, ரூட்டாக இருப்பதுபோல் பதில் சொல்லும் ஏற்பாடு. அதனால்தான் கொஞ்சம் மெதுவாகவும் இருக்கும், பின்னணிச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியும் வேலை செய்யாது.

உள்ளே ‘ஏபிடி அப்டேட்’, பிறகு ‘ஏபிடி இன்ஸ்டால் எக்ஸ்எஃப்சிஇ4 டிபஸ்-எக்ஸ்11 ஃபயர்ஃபாக்ஸ்-இஎஸ்ஆர் ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர்’. கடைசியில் உள்ளதை விட்டால் தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரியும். நடுவில் கீபோர்டு அமைப்பு கேட்டு நிற்கும், தொங்கிவிட்டது என்று நினைத்து மூடிவிடாதீர்கள், ஓர் எண்ணைத் தட்டி என்டர் கொடுத்தால் நகரும். க்னோம் என்ற பெரிய டெஸ்க்டாப் வேண்டாம், இந்தப் போன்களுக்கு அது யானைப் பசி. குரோமியம் உலாவி, சாண்ட்பாக்ஸ் என்ற பாதுகாப்பு வேலியை அணைக்காமல் இதில் திறக்கவே திறக்காது, எனக்கு ஃபயர்ஃபாக்ஸ் போதும்.

ஓட்டுவது

‘எக்ஸிட்’ அடித்து டெர்மக்ஸுக்குத் திரும்புங்கள். ‘டெர்மக்ஸ்-எக்ஸ்11 :1 &’ அடித்து எக்ஸ்11 செயலியை ஒருமுறை திறந்துவிட்டு வாருங்கள். பிறகு ‘ப்ரூட்-டிஸ்ட்ரோ லாகின் டெபியன் --ஷேர்ட்-டிஎம்பி’. உள்ளே ‘எக்ஸ்போர்ட் டிஸ்ப்ளே=:1’, இதில் டிஸ்ப்ளே மட்டும் முழுக்கப் பெரிய எழுத்து. கடைசியாக ‘டிபஸ்-லாஞ்ச் ஸ்டார்ட்எக்ஸ்எஃப்சிஇ4’. இப்போது எக்ஸ்11 செயலிக்குப் போனால் டெஸ்க்டாப் நிற்கும்.

என்னைப் படுத்திய இடம்

நின்றது, ஐந்து நிமிடம். ஃபயர்ஃபாக்ஸில் மூன்றாவது டேபைத் திறந்ததும் திரை கறுத்தது, டெர்மக்ஸில் ‘ப்ராசஸ் கம்ப்ளீட்டட் (சிக்னல் 9)’ என்று ஒரு வரி மட்டும், அதாவது ஓடிக்கொண்டிருந்ததை யாரோ வலுக்கட்டாயமாகக் கொன்றிருக்கிறார்கள். ரேம் போதவில்லை என்று நானே முடிவு கட்டி, இருக்கிற செயலிகளை எல்லாம் அழித்து, டெபியனையும் இரண்டு முறை மறுபடி போட்டேன். ரேமுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஆண்ட்ராய்டு 12 முதல், செயலிகள் பின்னணியில் பெற்றுப்போடும் துணை ப்ராசஸ்களை (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை) அது எண்ணுகிறது, மொத்தம் 32-ஐத் தாண்டினால் கொல்கிறது. டெஸ்க்டாப்பில் பேனலுக்கு ஒன்று, அமைப்புகளுக்கு ஒன்று, உலாவியின் டேபுகளுக்குச் சில என்று 32 சீக்கிரம் வந்துவிடும். உங்களுடையது ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்கும் பழையது என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போங்கள், பழசுக்கும் ஒரு லாபம். 14-இல், செட்டிங்ஸில் நிரலாளர்களுக்கென உள்ள டெவலப்பர் ஆப்ஷன்ஸிலேயே ‘டிசேபிள் சைல்ட் ப்ராசஸ் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது, தட்டினால் தீர்ந்தது.

என்னுடையது 13. இந்தக் கட்டுப்பாட்டை ஏடிபி என்ற ஆண்ட்ராய்டுக் கட்டளைக் கருவி வழியாகத்தான் மாற்ற வேண்டும், கணினி தேவையில்லை, போன் தன்னோடு தானே இணைந்துகொள்ளும். ‘பிகேஜி இன்ஸ்டால் ஆண்ட்ராய்டு-டூல்ஸ்’ போட்டு, வைஃபையில் இருந்தபடி டெவலப்பர் ஆப்ஷன்ஸில் வயர்லெஸ் டீபக்கிங்கைத் திறந்து, ‘பேர் டிவைஸ் வித் பேரிங் கோட்’ தட்டுங்கள். ஆறு இலக்க எண்ணும் ஒரு போர்ட் எண்ணும் காட்டும். அதைப் பார்த்துக்கொண்டு டெர்மக்ஸுக்குத் தாவினால் அந்தப் பெட்டி மூடிக்கொள்ளும், எண்ணும் செல்லாது. திரையை இரண்டாகப் பிரித்து, மேலே செட்டிங்ஸ், கீழே டெர்மக்ஸ் என்று வைத்துக்கொண்டு ‘ஏடிபி பேர் லோக்கல்ஹோஸ்ட்:’ என்று அடித்து இடைவெளி விடாமல் போர்ட் எண், கேட்கும்போது ஆறு இலக்கம்.

அடுத்து ‘ஏடிபி கனெக்ட் லோக்கல்ஹோஸ்ட்:’. இங்கே அடிக்க வேண்டியது பெட்டிக்குள் பார்த்த போர்ட் அல்ல, வயர்லெஸ் டீபக்கிங் பக்கத்தில் ஐபி முகவரிக்குப் பின்னால் இருக்கும் வேறொரு எண். ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப அடித்து ஒரு மாலைப்பொழுதை இதில் தொலைத்தேன். இணைந்ததும்:

ஏடிபி ஷெல் செட்டிங்ஸ் புட் குளோபல் செட்டிங்ஸ்_எனேபிள்_மானிட்டர்_ஃபேண்டம்_ப்ராக்ஸ் ஃபால்ஸ்

நடுவில் இருப்பவை அடிக்கோடுகள், ஃபேண்டம் ‘பி-எச்’ சில் தொடங்கும், ப்ராக்ஸ் என்பது பி-ஆர்-ஓ-சி-எஸ். பதில் எதுவும் வராது. வராவிட்டால்தான் சரி. அதற்குப் பிறகு ஒருமுறைகூட சிக்னல் 9 வரவில்லை.

பிற்சேர்க்கை

செய்து பார்த்த ஒருவருக்கு ‘கேனாட் ஓப்பன் டிஸ்ப்ளே’ என்றே வந்துகொண்டிருந்தது. லாகின் செய்யும்போது ஷேர்ட்-டிஎம்பி விட்டுப்போயிருந்தது. எக்ஸ்11-இன் சாக்கெட் (நிரல்கள் அதோடு பேசும் வாசல்) டிஎம்பி கோப்புறையில்தான் இருக்கிறது, அதைப் பகிராவிட்டால் டெபியனுக்குத் திரை இருப்பதே தெரியாது.

எழுத்துகள் எறும்பு மாதிரித் தெரிந்தால் எக்ஸ்11 செயலியின் ப்ரெஃபரன்ஸஸில் டிஸ்ப்ளே ஸ்கேலை 200-க்கு ஏற்றுங்கள். ஜன்னல்களை இழுக்கும்போது தள்ளாடினால் எக்ஸ்எஃப்சிஇ-யின் விண்டோ மேனேஜர் ட்வீக்ஸில் நிழல்களை வரையும் கம்பாசிட்டரை அணையுங்கள், நிழல் போய்விடும், வேகம் வரும். கேபிள் போட்டு மானிட்டரில் பார்க்கலாமா என்றும் கேட்டார்கள்: யூஎஸ்பி 2.0 மட்டுமே உள்ள போன்களில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, கேபிளை வாங்குவதற்கு முன் உங்கள் மாடலைப் பார்த்துவிடுங்கள்.