சேர்ந்து படிச்சு ஓரக்குறிப்பு போடறது எப்படி

கிளாஸ்ல ஒரு கதையையோ கவிதையையோ எல்லாரும் சேர்ந்து குறிப்பு போட்டு படிக்கணும்னா முதல்ல எல்லார்கிட்டயும் ஒரே பதிப்பு இருக்கணும், இல்லன்னா பக்க எண்ணே ஒத்துவராது. ஹைப்பாதெசிஸ்னு ஆன்லைன்ல குறிப்பு போடற ஒரு டூல் இலவசமா கிடைக்குது, வெப் பக்கத்துலயும் பிடிஎஃப்லயும் வரியை செலக்ட் பண்ணி ஓரத்துலயே எழுதலாம், ஆனா ஸ்கேன் பண்ண பிடிஎஃப் வெறும் படம்தான், அதை முதல்ல ஓசிஆர் பண்ணிடுங்க, அதாவது படத்துல இருக்கறதை செலக்ட் பண்ணக்கூடிய எழுத்தா மாத்திடுங்க. அப்புறம் ஒரு பிரைவேட் குரூப் தொடங்கி லிங்க்கை அனுப்புங்க. எழுதறதுக்கு முன்னாடி மேல குரூப் பேரு இருக்கான்னு பார்த்துக்கோங்க, பப்ளிக்ல இருந்தா ஊரே படிக்கும்.

இப்போ முக்கியமானது, என்ன எழுதறது. "அருமை", "சூப்பர்"னு போட்டா அதுக்கு யாரு என்ன பதில் சொல்வாங்க? கதையில "அவள் கதவைச் சாத்தினாள்"னு ஒரு வரி வருதுன்னு வைங்க, "முதல் பக்கத்துல இதே கதவு நாள் முழுக்க திறந்தே கிடந்துச்சே, இப்ப மட்டும் ஏன் சாத்துறா?"ன்னு கேட்டீங்கன்னா ஒருத்தர் பயம்பார், இன்னொருத்தர் இல்ல கோபம்பார், ரெண்டு பேரும் கதையில இருந்தே வரியைக் காட்டித்தான் பேசணும், அதுல விட்டுக்கொடுக்காதீங்க.

ஆளுக்கு ரெண்டு பக்கம்னு பிரிச்சுக்காதீங்க, அவங்கவங்க பங்கை மட்டும் படிச்சுட்டு போயிடுவாங்க. ஒருத்தர் பேச்சுவழக்கு, ஒருத்தர் காலமும் இடமும், ஒருத்தர் யார் குரல்ல கதை போகுதுன்னு முழுசையும் பாக்கட்டும். குறிப்போட சேர்க்கற டேக் (தேடி எடுக்கறதுக்கான அடையாளச் சொல்) எல்லாம் ஒரே மாதிரி எழுதுங்க, இல்லன்னா தேடும்போது பாதி வராது. கிளாஸ்ல வாயே திறக்காதவங்க இங்க நல்லா எழுதுவாங்க, அவங்க குறிப்புக்கு முதல் பதில் நீங்களே போடுங்க.